மேடை தெரியும், மேசை தெரியுமா?

சிறப்புக் கட்டுரை

கேமரன் மலைத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் நம் பிள்ளைகளுக்கு இராஜதந்திரத்தையும் பேச்சுவார்த்தைக் கலையையும் யார் கற்பிக்கிறார்கள்?

2013-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள். நள்ளிரவு கடந்த நேரம். கேமரன் மலையில் விடாது பெய்த மழையினால் ரிங்லெட் நீர்த்தேக்கம் விளிம்பைத் தொட, அணைக்கே அபாயம் நேர்ந்துவிடலாகாது என்று சுல்தான் அபு பக்கார் அணையின் மதகுகள் திறக்கப்பட, கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஆற்றங்கரையை ஒட்டிய வீடுகளில் நித்திரையில் ஆழ்ந்திருந்தவர்களின் வாசலுக்கு, சேறும் மரக்கட்டைகளும் சுமந்த வெள்ளம் ஒரே பாய்ச்சலாக வந்து சேர்ந்தது. கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறிக் கிடந்தன. வீடுகள் நின்ற இடத்தில் சேறு நின்றது. மனித உயிர்களும் பலியாயின.

விடிந்த பின் எழுந்த வாக்குவாதம்தான் இக்கட்டுரைக்கு விஷயம். அணையைக் காப்பதற்காக விதிமுறைப்படியே நீரைத் திறந்தோம் என்பது மின்சார நிறுவனத்தின் கட்சி. போதிய எச்சரிக்கை எங்களுக்குக் கிட்டவில்லை என்பது பள்ளத்தாக்கு மக்களின் கட்சி. மேலே மலைச்சரிவுகளை வெட்டிக் காய்கறித் தோட்டமாக்கியவர்களால்தான் நீர்த்தேக்கம் மண் மூடிப் போயிற்று என்பது மற்றொரு சாராரின் வாதம். ஆற்றை நெருக்கி வீடு கட்டிக்கொண்டவர்கள் மேலேயே குற்றம் சுமத்தியவர்களும் உண்டு. ஒவ்வொருவர் கூற்றிலும் உண்மையின் ஓர் அம்சம் இருந்தது. ஆனால் அந்த அம்சங்களையெல்லாம் ஒரே மேசையின் மேல் பரப்பி வைத்து, யார் எதை விட்டுக்கொடுத்தால் அடுத்த மழைக்கு முன்பாக எது சாத்தியம் என்று நிதானமாகப் பேசி முடிக்கும் ஆற்றல் படைத்தவர்களைத் தேடினால், அந்தப் பள்ளத்தாக்கில் மட்டுமன்று, நாடு முழுவதிலுமே விரல் விட்டு எண்ணிவிடலாம். பாதிக்கப்பட்டவர்களில் பலர் இழப்பீடு கோரி நீதிமன்றத்தின் படிகளை ஏற நேர்ந்தது.

கேமரன் மலையிலிருந்து ஆண்டுதோறும் பிள்ளைகள் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறார்கள். பொறியியல், கணக்கியல், மருத்துவம், சட்டம் என்று பல துறைகளிலும் தேர்ச்சி பெற்றுத் திரும்புகிறார்கள். எதிர்த்தரப்பினரோடு ஒரு மேசையில் அமர்ந்து உடன்பாட்டுக்கு வருவது எப்படி என்பதை அந்த மூன்று நான்கு ஆண்டுகளில் ஒரே ஒரு பாடவேளையிலாவது படித்தவர்கள் அவர்களுள் எத்தனை பேர் இருப்பார்கள்?

பட்டிமன்றத்தின் குறை

தமிழ் மாணவர்களுக்குப் பேசத் தெரியாது என்று யாரும் பழி சொல்ல முடியாது. ஆரம்பப் பள்ளியிலேயே பேச்சுப் போட்டி; இடைநிலைப் பள்ளியில் விவாதம்; பல்கலைக்கழகத்தில் பட்டிமன்றம். திருக்குறளிலே சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும் தூதுக்கு ஓர் அதிகாரமும் அவையறிதலுக்கு ஓர் அதிகாரமும் இருப்பதை நம் மேடைப் பேச்சாளர்கள் நினைவூட்டத் தவறுவதே இல்லை. அதியமான் பொருட்டு ஔவையைத் தொண்டைமானிடம் தூது அனுப்பிவிட்டுக் கைதட்டலோடு இருக்கைக்குத் திரும்புவதும் வழக்கமாகிவிட்டது. ஔவை தொண்டைமானின் முகக்குறிப்பை எப்படிப் படித்தார், எந்த இடத்தில் பேசாதிருந்தார் என்று மட்டும் எவரும் ஆராய்வதாகத் தெரியவில்லை.

பட்டிமன்றத்தில் நாம் கவர வேண்டியது நடுவரின் மனத்தை. எதிரணியினர் இணங்க வேண்டிய அவசியமே அங்கில்லை; அவர்கள் வாயடைத்துப் போனால் போதும், சபை ஆரவாரிக்கும். பேச்சுவார்த்தையிலோ நடுவர் கிடையாது. எதிரே அமர்ந்திருப்பவரேதான் நம் சொல்லுக்கு இசைந்து கையொப்பமிட வேண்டும்; அவரைச் சபையோர் முன்னிலையில் அவமானப்படுத்திவிட்ட பின்னர் எந்தப் பேனாவும் அவர் கைக்கு ஏறாது. ஆகவே, சிறந்த பட்டிமன்றப் பேச்சாளரை உருவாக்கும் பயிற்சியே மோசமான பேச்சுவார்த்தையாளரையும் உருவாக்கிவிடக் கூடும் என்பது, நம்மவர்க்குச் சற்றுக் கசப்பாக இருப்பினும், சொல்லியே ஆகவேண்டிய அபிப்பிராயம்.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981-இல் வெளியிட்ட சிறு நூல் இக்கலையை வகுப்பறைக்குரிய பாடமாக்கியது. ஒருவர் வாய்விட்டுக் கேட்பது ஒன்று, அவருக்கு உண்மையில் தேவைப்படுவது இன்னொன்று. முன்னதோடு மல்லுக்கட்டாமல் பின்னதைக் கண்டுபிடி என்பதும், உடன்பாடு கிட்டாமற் போனால் நம் கைவசம் எஞ்சியிருக்கும் மாற்று வழி யாது என்பதை மேசைக்குப் போகுமுன்பே எண்ணி வைத்துக்கொள் என்பதும் அந்நூலின் சாரம். நம் ஊர்ச் சந்தையில் கோஸும் தக்காளியும் விற்பவர்க்கு இரண்டாவது விதி புதிதன்று. கல்லூரி மாணவர்க்குத்தான் அது புதிது.

தோட்டமே பள்ளியாக இருந்த காலம்

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது, தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளை இன்று வாசித்தாலும் நெஞ்சு கனக்கும். சீனத் தொழிலாளருக்குக் கொடுக்கும் கூலியையே எங்களுக்கும் கொடுங்கள். கொடுமை செய்யும் கிராணிகளையும் தண்டல்களையும் நீக்குங்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழியுங்கள். கூலிக் கணக்கோடு மானமும் அந்தப் பட்டியலில் ஓர் அம்சமாக இடம் பெற்றிருந்தது. மத்திய இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், இராணுவம் வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர்.

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1954-இல், தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. பொதுச் செயலாளர் பி. பி. நாராயணன் முதலாளிகள் சங்கத்தோடு மேசைக்கு முன் அமர்ந்து, ரப்பர் விலை, கூலி விகிதம், வேலை நாள் என்று எண்களாலேயே பேசினார். அவர் பேசிப் பெற்றது போதாது என்று அன்றும் குறை கூறியோர் உண்டு; இன்றும் உண்டு. அக்குறையில் நியாயமும் இருக்கலாம். ஆயினும், சைக்கிளை விட்டு இறங்க மறுத்ததற்கே துப்பாக்கியைச் சந்தித்த ஒரு சமூகம், பதினைந்து ஆண்டுகள் நிறைவதற்குள் எதிர்த்தரப்பின் வரவு செலவுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடும் நிலைக்கு உயர்ந்தது சாமானியமான காரியமன்று. 1962-இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. பிற்காலத்தில் சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அனைத்துலகச் சம்மேளனத்திற்கே அவர் தலைவரானார்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்து, சங்கத்தின் செல்வாக்கும் தேய்ந்தபோது, அந்தப் பள்ளியும் ஓசையின்றி மூடிக்கொண்டது. அதன் இடத்தைக் கல்லூரி நிரப்பியிருக்க வேண்டும்.

மூவாரில் வளர்ந்த மாணவர்

நிரப்பினால் என்ன விளையும் என்பதற்குத் தொலைவில் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. சிங்கப்பூரில் பிறந்து, ஜொகூர் மாநிலத்து மூவாரில் இளமையைக் கழித்து, வீட்டை விட்டு ஓடிப்போய்ச் சில்லறை வேலைகள் பார்த்து, வயது ஏறிய பின் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் டிப்ளோமாப் படிப்பில் 1954-இல் சிறப்புத் தேர்ச்சி பெற்றவர் எஸ். ஆர். நாதன். படித்து முடித்தவர் நேரே வெளியுறவு அமைச்சுக்குப் போய்விடவில்லை. மருத்துவமனைச் சமூக நல ஊழியராகவும், கப்பல் தொழிலாளரின் நல அதிகாரியாகவும் பணியாற்றி, 1962-இல் தொழிற்சங்க ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்து, சங்கங்களுக்காகக் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளைப் படித்து, தொழில் நடுவர் மன்றத்தில் வைக்க வேண்டிய வாதங்களைத் தயாரித்துக் கொடுத்தார். துறைமுகத்து மாலுமியிடமும் கம்பெனி வக்கீலிடமும் பேசிப் பழகிய நாக்கு அது. 1966-இல்தான் இராஜாங்கத் தூது விவகாரங்கள் அவர் கைக்கு வந்தன.

*பெட்டிச் செய்தி: லாஜு படகு, 1974*

*ஜனவரி 31: ஜப்பானிய செம்படையைச் சேர்ந்த இருவரும் பாலஸ்தீன விடுதலை மக்கள் முன்னணியைச் சேர்ந்த இருவருமாக நால்வர், சிங்கப்பூரின் புக்கோம் தீவிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கினர். தப்பிச் செல்ல முயன்றபோது லாஜு என்ற படகைக் கைப்பற்றி அதிலிருந்தோரைப் பிணைபிடித்தனர்.*

*பிப்ரவரி 6: குவைத்தில் ஜப்பானியத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. நால்வரையும் அழைத்துவர ஜப்பான் விமானம் அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை.*

*பிப்ரவரி 8: நால்வரும் ஆயுதங்களை ஒப்படைத்தபின், அவர்களது பாதுகாப்புக்கு உத்தரவாதமாகப் பதின்மூன்று சிங்கப்பூர் அதிகாரிகள் உடன் புறப்பட்டனர். குழுவின் தலைவர் எஸ். ஆர். நாதன். அதிகாரிகள் அனைவரும் பத்திரமாகத் திரும்பினர்.*

பிற்காலத்தில் அவர் மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் தூதராகி, 1999 முதல் 2011 வரை சிங்கப்பூரின் அதிபராகவும் விளங்கினார். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த எஸ். இராஜரத்தினம், 1967 ஆகஸ்ட் 8-ஆம் நாள் பாங்காக்கில் ஆசியான் பிரகடனத்தில் கையொப்பமிட்ட ஐவருள் ஒருவர் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். ஆனால் இராஜரத்தினத்தின் ஆயுதம் பேனா. நம் மாணவர்கள் அடியொற்றிப் போகத்தக்க பாதை நாதனுடையதே என்று தோன்றுகிறது. கூலிப் பேச்சிலிருந்து நாட்டுப் பேச்சுக்கு ஏறிய படிக்கட்டு அதில் தெளிவாகத் தெரிகிறது.

மேசையில் இல்லாதவர்களின் கதி

பேசக் கற்றவர்கள் இல்லாததனால் நேரும் நஷ்டத்தைக் காட்டிலும் கொடியது, நம்மைப் பற்றிய பேச்சில் நமக்கு நாற்காலியே இல்லாமற் போவது. தேயிலை வாசம் அறிந்தவர்களுக்கு இலங்கை மலையகத்தின் சரித்திரம் அந்நியமானதன்று. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரிக்கப்பட்டது. யாரைப் பற்றிய ஒப்பந்தமோ அவர்களுடைய சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்றவர்களையும் 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன.

இதற்கு மறுமொழியாக அமைந்தது மலையகத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானின் நெடிய வாழ்வு. கூச்சலிட்டு எதிர்த்துவிட்டு ஒதுங்கிவிடாமல், 1977-க்குப் பின் அரசாங்கத்துக்குள்ளேயே அமைச்சராக இருந்துகொண்டு, 1986 ஜனவரியில் தோட்டங்களில் வேலையை நிறுத்திப் பிரார்த்தனை இயக்கம் என்ற பெயரில் அதே அரசாங்கத்துக்கு நெருக்கடியும் கொடுத்து, எஞ்சியிருந்தோரின் குடியுரிமைக்கு வழி திறந்தார். வேலைநிறுத்தம் என்று சொன்னால் சட்டம் பாயும். பிரார்த்தனை என்றால் யார்மேல் பாய்வது? சந்தர்ப்பவாதி என்று அவரை ஏசியவர்கள் இரு தரப்பிலும் இருந்தனர். ஒரு வகுப்பறையில் இந்த ஒரு விவகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் அமைச்சரவையில் இருந்தது பலமா பலவீனமா என்று மாணவர்களை ஒரு வாரம் அலசவிட்டால், பத்துச் சொற்பொழிவுகள் தராத ஞானத்தை அது தரும்.

நம் நாட்டிலேயே அண்மைக்காலத்து விவகாரம் ஒன்றும் இருக்கிறது. 2007 நவம்பர் 25-ஆம் நாள் இந்தியர் உரிமை கோரிக் கோலாலம்பூர் வீதிகளில் திரண்ட ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் தலைவர் வேதமூர்த்தி, 2013 ஏப்ரல் 18-இல், பொதுத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த வேளையில், ஆளும் கூட்டணியோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்து, தேர்தலுக்குப் பின் துணையமைச்சரானார். வாக்குறுதிகள் நிறைவேறவில்லை என்று கூறி 2014 பிப்ரவரியில் விலகினார். யார் யாரை ஏமாற்றினார் என்ற கேள்வி தேநீர்க்கடைக்கு உரியது. மாணவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வாக்குச்சீட்டு பெட்டிக்குள் விழுந்த மறுநாள், ஒப்பந்தத்தை நிறைவேற்றும்படி நெருக்குவதற்கு ஒரு தரப்பின் கையில் எஞ்சியிருந்த பலம் யாது? கையொப்பத்தோடு முடிவதில்லை பேச்சுவார்த்தை; கொழுந்தெடுப்பவர் தாயிலையைத் தொடாமல் கிள்ளுவதுபோல, அடுத்த சுற்றுக்கும் செடியில் உயிர் இருக்கும்படி பார்த்துக்கொள்வது அதன் பின்பாதி.

நெடுங்காலத்துப் பூட்டு

கல்லூரிகள் இதையெல்லாம் ஏன் கற்பிக்கவில்லை என்று ஆசிரியர்களை மட்டும் நோவதில் பயனில்லை. மாணவர்கள் அரசியலின் நிழலைக்கூட மிதிக்கலாகாது என்று சட்டமே வேலி போட்டிருந்தது.

*பெட்டிச் செய்தி: வேலியும் வாசலும்*

*1971: 'ஆக்கு' என்று மாணவர்கள் வாயில் வழங்கும் பல்கலைக்கழகச் சட்டம் பிறந்தது.*

*1974–75: ரப்பர் விலை வீழ்ந்து பாலிங் விவசாயிகள் வறுமையில் வாட, ஆதரவாக வீதிக்கு வந்த மாணவர்கள் கைதாயினர். மறு ஆண்டு சட்டம் மேலும் இறுக்கப்பட்டது.*

*2010–11: உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது பிடிபட்ட தேசியப் பல்கலைக்கழக மாணவர் நால்வரின் வழக்கில், அவர்களுக்கு எதிரான சட்டப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.*

*2018: வளாகத்திற்குள் அரசியல் நடவடிக்கைகளுக்கு இருந்த தடையை நீக்கும் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.*

*2019 ஜூலை 16: வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18 ஆக்கும் அரசியலமைப்புத் திருத்தம் மக்களவையில் நிறைவேறியது. 2021 டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது.*

வேலி விலகிவிட்டது, நடக்கும் கால்களுக்கோ பழக்கமில்லை. 1991-இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட தூதாண்மை, வெளியுறவுப் பயிற்சிக் கழகம் பெரும்பாலும் ஏற்கனவே பணியில் உள்ள அதிகாரிகளுக்கு உரியது. சிந்தோக்கிலுள்ள உத்தாரா மலேசியா பல்கலைக்கழகத்திலும் பாங்கியிலுள்ள தேசியப் பல்கலைக்கழகத்திலும் அனைத்துலகத் தொடர்புகள் படிப்பவர்களுக்கு இப்பாடம் ஓரளவு கிட்டுகிறது. ஐக்கிய நாடுகள் சபையைப் போல நடித்துப் பழகும் மாணவர் மாநாடுகள் நகரத்துக் கல்லூரிகளில் நடக்கின்றன. கோட்டும் டையும் அணிந்து பிரான்சுக்கும் பிரேசிலுக்கும் பிரதிநிதியாகப் பேசுவது நல்ல பயிற்சிதான், மறுப்பதற்கில்லை. எனினும், சூயஸ் கால்வாயைப் பற்றித் தீர்மானம் இயற்றிய மாணவர் ஊருக்குத் திரும்பித் தம் தகப்பனாரின் நில உரிமம் புதுப்பிக்கப்படாததைப் பற்றி மாவட்ட அலுவலகத்தில் பேசத் தெரியாமல் விழிப்பாரானால், அந்தப் பயிற்சியில் ஏதோ பாக்கி இருக்கிறது.

பள்ளத்தாக்கே பாடநூல்

லெம்பா பெர்த்தாமையும் அதைச் சூழ்ந்த மலையையும் போல ஒரு பாடநூல் கிடைப்பது அரிது. 1929-இல் ஜே. ஏ. ரஸல் 'போ' தோட்டத்தைத் தொடங்கியதிலிருந்து இங்கே தேயிலை உண்டு. தேயிலையை ஒட்டிக் காய்கறியும் பூவும் வந்தன. அவற்றின் கீழ்ப்புறம் அணை வந்தது. இவை எல்லாவற்றுக்கும் முன்பிருந்தே செமாய் முதலிய பூர்வகுடியினர் வாழ்ந்து வருகின்றனர். காய்கறி பயிரிடுவோரில் பலருக்கு நிலம் சொந்தமன்று. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமமே நெடுங்காலமாகக் கையில் இருந்து வந்தது. அடுத்த ஆண்டு நம்முடையதாக இருக்குமா என்று தெரியாத மண்ணைச் சரிந்து ஓடாமல் காக்க எவர் பணம் செலவழிப்பார்? அந்த மண் ஓடிப்போய் நீர்த்தேக்கத்தை நிரப்புகிறது. நிரம்பிய நீர்த்தேக்கம் மழைக்குத் தாங்காமல் திறக்கப்படுகிறது. உரிமத்தின் கால அளவைப் பற்றிய ஒரு காகிதம், வெள்ளத்தின் உயரத்தைத் தீர்மானிக்கும் காரணங்களுள் ஒன்றாக இருப்பதைக் கண்டுபிடிக்கும் மாணவர், மனு எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேரம் பேசத் தொடங்குவார்: நீண்டகாலக் குத்தகை கொடுங்கள், சரிவுகளைக் காக்கும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம் என்று.

*பெட்டிச் செய்தி: அணையின் கணக்கு*

*பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணை 1963-இல் நிறைவுற்றது. தெலோம் ஆற்று நீரும் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக இத்திட்டத்துக்குத் திருப்பப்படுகிறது. இந்நீரால் இயங்கும் சுல்தான் யூசுப் மின்நிலையத்தின் திறன் 100 மெகாவாட். அணை கட்டியபோது நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 63 லட்சம் கன மீட்டர். அதில் கணிசமான பகுதியை இன்று மண் அடைத்துக்கொண்டிருக்கிறது.*

இதைப் பாடமாக்கும் முறையும் கடினமன்று. இருபது மாணவர்களை ஐந்து குழுவாகப் பிரித்து மின்சார நிறுவனம், விவசாயிகள், ஆற்றோரக் குடியிருப்பினர், பூர்வகுடியினர், மாநில அரசு என்று பாத்திரம் கொடுக்கலாம். ஒவ்வொரு குழுவுக்கும் மற்றவர் அறியாத ஒரு குறிப்பைத் தனியே கொடுத்து, எந்த எல்லைக்கு மேல் இறங்கலாகாது என்பதை அதில் எழுதி வைக்கலாம். முதல் நாள் பேச்சு முடிந்ததும், இரண்டாம் நாள் பாத்திரங்களை மாற்றிவிட வேண்டும். நேற்று அணைக்காக வாதாடியவர் இன்று வெள்ளத்தில் வீடு இழந்தவராக அமர வேண்டும். இறுதியில் ஒரே பக்கத்தில் உடன்படிக்கை. அதற்கு மதிப்பெண் இடுபவர் ஆசிரியராக இருக்கக் கூடாது. எதிர்த்தரப்பு கையொப்பமிட்டதா என்பதே மதிப்பெண்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இம்மேசைகளில் வழங்குவது மலாய்மொழி. தமிழில் அடுக்குமொழி பேசி மேடையை அதிரவைக்கும் மாணவர்கள், மாவட்ட அலுவலகத்துக்கு மலாயில் அரைப்பக்கக் கடிதம் எழுதும்போது திணறுவதுண்டு. எதிரே இருப்பவரின் மொழியில் மரியாதையாக மறுக்கத் தெரிவது தனியொரு கலை. அதற்குரிய பயிற்சியும் பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

அரசியல் பாடத்துக்கும் இங்கே பஞ்சமில்லை. 2004-இல் உருவான கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதி, தேசிய முன்னணிக் கூட்டணியில் ம.இ.கா. எனப்படும் மலேசிய இந்தியர் காங்கிரசுக்கு அன்று ஒதுக்கப்பட்டிருந்த தொகுதி. 2018 பொதுத்தேர்தலில் ம.இ.கா.வின் சிவராஜ் பெற்ற வெற்றியைத் தேர்தல் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் செல்லாததாக்கியது. 2019 ஜனவரி 26-இல் நடந்த இடைத்தேர்தலில் ம.இ.கா. ஒதுங்கி நிற்க, செமாய் இனத்தவரான முன்னாள் காவல்துறை அதிகாரி ரம்லி முகமட் நோர் தேசிய முன்னணி வேட்பாளராக நின்று வென்று, மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வகுடி உறுப்பினரானார். 2022-இல் துணைச் சபாநாயகருமானார். ம.இ.கா. அத்தொகுதியை இழந்ததா, விட்டுக்கொடுத்ததா, விட்டுக்கொடுத்தது என்றால் பதிலுக்கு என்ன கேட்டிருக்கலாம்? இவ்வினாவைத் தமிழ் மாணவரும் பூர்வகுடி மாணவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து பேசுவார்களாயின், அங்கே நிலவக்கூடிய சங்கடமான மௌனமே பாடத்தின் முதல் பகுதி. அச்சங்கடத்துக்கு அஞ்சி இவ்விஷயத்தைத் தவிர்க்கும் ஆசிரியர் இப்பாடத்தை எடுக்கத் தகுதியற்றவர் என்றே சொல்வேன்.

மேசையின் மறுபுறம்

இதுவரை சொன்னதிலெல்லாம் நம் பிள்ளைகள் வலிமையற்ற தரப்பிலேயே அமர்ந்திருப்பதாக ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. கேமரன் மலையின் இன்றைய நிலவரம் அந்த அனுமானத்தை ஏற்கவில்லை. பாட்டனார் கூடை சுமந்த சரிவுகளில் இன்று கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்தவர், நேபாளியர், இந்தோனேசியர். தமிழர் நடத்தும் காய்கறித் தோட்டங்களிலும் கூலிக்கு நிற்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 வெள்ளி என்று உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம், வீட்டுப் பணியாளர் நீங்கலாக, அயல்நாட்டுத் தொழிலாளர்க்கும் உரியது. உர விலையும் சந்தை விலையும் தோட்டக்காரரை இரு பக்கமும் நெருக்க, சம்பளம், தங்குமிடம், கடப்பிதழ் யார் கையில் இருப்பது என்பனவெல்லாம் நாள்தோறும் பேசித் தீர்க்க வேண்டிய விவகாரங்களாகியுள்ளன. அப்பேச்சில் முதலாளியின் நாற்காலியில் அமர்பவர் பட்டம் பெற்றுத் திரும்பிய அந்தத் தமிழ்ப் பிள்ளையாகவே இருக்கக் கூடும்.

எனவே வகுப்பறைப் பயிற்சிகளில் ஒன்று இப்படி அமையலாம். தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு வங்காளதேசத் தொழிலாளியின் பாத்திரம். குத்தகை நிலம் ஏதுமற்ற வீட்டுப் பிள்ளைக்கு முதலாளியின் பாத்திரம். முன்னவரின் குறிப்பில் எழுத வேண்டியவை: தாய்நாட்டில் தரகருக்குக் கொடுக்க வாங்கிய கடன், அனுமதிச் சீட்டு இந்த ஒரு முதலாளியோடு கட்டுண்டது, மலாய்மொழி அரைகுறை. பின்னவரின் குறிப்பில்: இம்மாதச் சந்தை விலை, உரக்கடை பாக்கி, உரிமம் புதுப்பிக்கும் தேதி. இருவருக்கும் ஒரு மணி நேரம் கொடுத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும்.